அண்ணன் ஒப்படைத்த வேலைகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் ஒரு வருடம் மைசூரில் இருந்தோம். ஊருக்கு வந்திருக்கிறோம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். எனக்கோ ஊர் என்றால் ஆப்பிரிக்காவிலிருக்கும் மலாவிதான். அங்கே ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் அப்பா ஊழியம் செய்தார். அம்மா அதே வளாகத்திலிருந்த சிறிய மருத்துவமனையில் நர்ஸ். நான் பிறந்ததும் அந்த மருத்துவமனையில்தான். ஆகவே அந்த வருடம் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் விடுப்பில் சொந்த ஊருக்கு வந்தார்கள். நான் மட்டும் வெளியூருக்கு வந்திருந்தேன்.

அத்தை வீட்டு மாடியில் தங்கினோம். மாமாவுக்கு மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போனபின் நானும் அண்ணனும் பள்ளிக்குக் கிளம்புவோம். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு என் தமிழ் புரியவில்லை, எனக்கு அவர்களுடைய கன்னடம் புரியவில்லை. என்னை 'ஆப்பிரிக்கா' என்று கூப்பிட்டார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. என் பெயர் அவர்களுக்கு ஞாபகம் இருக்கவில்லை, அவ்வளவுதான். இடைவேளையில் தண்ணீர்க் குழாயருகே நின்று பாட்டிலை நிரப்புவேன், கொட்டுவேன், மறுபடி நிரப்புவேன். வேலையாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து ஏன் தனியாக நிற்கிறாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அண்ணன் ஒன்பதாம் வகுப்பு. கிரிக்கெட் ஆடி ஆடியே சீக்கிரம் கன்னடம் கற்றுக்கொண்டுவிட்டான். ஆனால் வீட்டுக்கு வந்தால் என்னோடு பெரும்பாலும் மலாவி பாஷையில்தான் பேசுவான். அந்த நகரத்தில் அந்த பாஷையில் என்னோடு சண்டை போட அவன் ஒருவன்தான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்களை சபை சபையாக அழைத்துப் போவார். தொலைவிலிருக்கும் கௌதள்ளிப் பக்கம் வரைக்கும் போயிருக்கிறோம். அப்பா ஊழியத்தைப் பற்றிப் பேசுவார். அண்ணனும் நானும் அந்த நாட்டுத் துணியை உடுத்திக்கொண்டு அந்த நாட்டுப் பாட்டு ஒன்றைப் பாடுவோம். ஆராதனை முடிந்ததும் யாராவது என் கன்னத்தைத் தட்டி, "அங்க சிங்கம் எல்லாம் இருக்கா பாப்பா?" என்பார்கள். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "இருக்கு அங்கிள். எங்க வீட்டுக்குப் பின்னாடிதான். ராத்திரி குறட்டை விடும்" என்பான்.

விடுப்பு முடிந்து திரும்பும் காலம் வந்தது. மாடி முழுவதும் பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. புளி, ரசப்பொடி, மிக்ஸி ஜார், கொசுவலை என்று அம்மா சேர்த்துக்கொண்டே போக, அப்பா பெட்டிகளைத் தராசில் தொங்கவிட்டுப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அம்மா என்னை தேவராஜ மார்க்கெட் பக்கம் கூட்டிப்போனாள். அப்பாவுக்கு, தனக்கு, எனக்கு என்று ரப்பர் செருப்பு வாங்கினாள்.

"அண்ணனுக்கு?"

"அவனுக்குக் கால் வளர்ந்துகிட்டே இருக்கு. அப்புறம் வாங்கிக்கலாம்" என்றாள் அம்மா. செருப்புக்காரர் பையை நீட்டியபோது அதை வாங்க மறந்து நடந்துவிட்டாள். நான்தான் வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அந்த நாட்களில்தான் அண்ணன் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான். பள்ளிப் பாடம் அல்ல. மலாவி வீட்டில் அவன் செய்துவந்த வேலைகள். மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கவிழ்த்து வைத்து, இதுதான் ஜெனரேட்டர் என்றான். எதை முதலில் திறக்க வேண்டும், கயிற்றை எப்படி இழுக்க வேண்டும், புகை கறுப்பாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, என்னைத் திருப்பித் திருப்பிச் செய்யவைத்தான். தண்ணீர் ஃபில்டரின் உருளையை உடையாமல் தேய்ப்பது, வண்டிக்கு அடியில் அப்பா படுத்திருக்கும்போது டார்ச்சை ஆட்டாமல் பிடிப்பது, அம்மாவுக்கு மலேரியா குளிர் வந்தால் எந்தப் போர்வையை முதலில் எடுப்பது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது.

"சனிக்கிழமை சாயங்காலம் அப்பா பிரசங்கத்தைச் சொல்லிப் பார்ப்பாரு. பக்கத்துல உக்காந்து கேக்கணும். வார்த்தையைத் தப்பாச் சொன்னா சிரிக்கக் கூடாது. மூக்கைச் சொறி. அவருக்குப் புரியும்."

"எல்லாத்தையும் நானே செஞ்சா நீ என்ன செய்வே? ஜாலியா ஏரிக்குப் போயி மீன் பிடிக்கலாம்னு பாக்கிறியா?"

அவன் முக்காலியை நிமிர்த்தி அதன் மேல் உட்கார்ந்தான். "ஹௌது. அதுக்குத்தான்" என்று ஆமாம் போட்டான்.

சோம்பேறி என்று அம்மாவிடம் போய்க் கோள் சொன்னேன். வேறு சமயமாக இருந்தால் அம்மா அவனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பாள். அன்று, "சொல்லிக் குடுத்தா கத்துக்கோயேன்" என்று மட்டும் சொன்னாள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறன்று எங்கள் சபையில் வழியனுப்பும் ஆராதனை. ஊழியக் குடும்பம் முன்னால் வரட்டும் என்று போதகர் அழைத்தார். அப்பா எழுந்தார், அம்மா எழுந்தாள், நானும் எழுந்தேன். அண்ணன் எழவில்லை. நான் தாண்டிப் போவதற்காக முழங்காலை ஒதுக்கி வழி விட்டான். நான் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தேன். விளையாடுகிறான் என்று நினைத்து, திரும்பிப் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். சுற்றியிருந்தவர்கள் அன்பாகச் சிரித்தார்கள்.

"நீ போ பாப்பா" என்றான் காதோரம். "நான் வரல."

"எங்க வரல?"

போதகர் ஒலிபெருக்கியில் பதில் சொன்னார்: "மகன் பத்தாம் வகுப்புக்குப் போறார். அதனால இங்கேயே அத்தை வீட்டுல தங்கிப் படிக்கப்போறார். அவரையும் ஜெபத்துல நினைச்சுக்கோங்க."

ஸ்தோத்திரம் என்றது சபை. அங்கே இருந்த அனைவருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. என்னை மேடையில் நிற்கவைத்து, தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். எத்தனையோ கைகள், எல்லாம் கனமாக, வெதுவெதுப்பாக இருந்தன. அவற்றுக்கு நடுவே நின்ற அளவுக்குத் தனியாக நான் தண்ணீர்க் குழாயருகே கூட நின்றதில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அண்ணன்தான் பேசினான். "நான்தான் சொல்ல பேடான்னு சொன்னேன். நீ அழுவே. நீ அழுதா அம்மா கிளம்பமாட்டாங்க."

நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான். அவன்தான் எங்களை விட்டுப் போகிறான் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் கடல் தாண்டிப் போவதும் அவன் இருந்த இடத்திலேயே இருப்பதும் எனக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அறைக்குள் போனபோது, அம்மா பூட்டிய பெட்டியைத் திறந்து தன் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் அவற்றை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அம்மா மறுபடி எடுத்தாள்.

"அம்மா, அங்க பிரசவத்துக்கு வர்றவங்களுக்கு யாரு இருக்கா?" என்றான் அவன்.

"இங்க உனக்கு யாரு இருக்கா?"

"அத்தை இருக்காங்க. மாமா இருக்காரு. சும்னே, பேசாம கொடும்மா."

அம்மா கையிலிருந்த புடவையைக் கொடுத்தாள். பெட்டியின் எடை கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

கிளம்பும் நாள் பள்ளி வேலைநாள். பேருந்து நிலையத்துக்கு வர வேண்டாம், வகுப்புக்குப் போ என்று அப்பா சொல்லியிருந்தார். சீருடையும் புத்தகப் பையுமாக அண்ணன் வாசலில் நின்று ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றினான். அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நிம்மதியாப் போங்க அண்ணே, யோச்னே மாட்பேடி, கவலையே வேண்டாம். இவனை நான் பாத்துக்கறேன்" என்றாள். அண்ணன் என்னிடம் எங்கள் பாஷையில், போய் வா என்றான். நானும் அதே பாஷையில், இருந்துகொள் என்றேன். அந்த பாஷையில் போகிறவருக்கு ஒரு வார்த்தை, இருக்கிறவருக்கு ஒரு வார்த்தை. எங்களுக்குள் அதுவரை அந்த இரண்டும் தேவைப்பட்டதில்லை.

பெங்களூர் விமான நிலையம் போகும் பேருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாண்டியதும் அப்பா பயண ஜெபம் செய்யலாம் என்றார். நாங்கள் கண்களை மூடிக்கொண்டோம். அப்பாவின் ஜெபம் நிதானமானது, ஒருவரையும் விடாது. ஓட்டுநருக்காக, வண்டிக்காக, விமானத்துக்காக ஜெபித்தார். சபைக்காக ஜெபித்தார். அத்தை, மாமா என்று பெயர் சொல்லி நன்றி செலுத்தினார். பிறகு, "ஆண்டவரே, என் மகனை" என்றார். அதோடு நின்றுவிட்டார். நான் கண்களை இறுக்க மூடியபடி காத்திருந்தேன். வண்டி ஹாரன் அடித்தது, எதிரே யாரோ ஃபோனில் பேசினார்கள், அத்தை கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தின் வாசனை வந்தது. ஆமென் மட்டும் வரவில்லை. மூன்று பாஷைகளில் ஜெபிக்கத் தெரிந்த மனிதருக்கு இவ்வளவு சின்ன இடத்தில் என்ன மறதி என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அம்மாவாவது எடுத்துக்கொடுப்பாள் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் தலையைக் குனிந்தபடியே இருந்தாள், தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. எனக்குப் பசித்தது. நானே ஆமென் என்று சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்தேன்.