டிமாண்ட் பண்ணுபவர்களுக்குச் சோறு கிடையாது

ஹோம்ஸ்டே நடத்துவது என்பது, காசு கொடுத்துத் தங்கும் சம்பந்திகளை வருஷம் முழுக்க வீட்டில் வைத்திருப்பது. மாடியில் காலியாகக் கிடக்கும் அறையைப் பார்த்து, 'இதை டூரிஸ்டுக்கு விட்டால் என்ன?' என்று ஒரு பலவீனமான நேரத்தில் யோசித்து, அதன் பிறகு நிம்மதியாகத் தூங்காத அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில் இருக்கிறது. பெயரில் இருக்கும் நல்லெண்ணம் தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவில் இருக்காது. வருகிறவர்கள் எங்கள் அறைக்காக வருவதில்லை. என் மனைவி செல்வி வைக்கும் மீன் குழம்புக்காக வருகிறார்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டால் இந்த ஹோம்ஸ்டே வெறும் கட்டில், ஃபேன், கொசுவத்தி. அவள் கரண்டியைக் கீழே வைப்பதற்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தை போதும் என்பதை நான் தெரிந்துகொண்ட கதை இது.

பாரிசிலிருந்து வந்த உத்தரவு

ஒரு பிரெஞ்சுத் தம்பதி ஈமெயில் அனுப்பியிருந்தார்கள். கடல் தெரியும் அறையை டிமாண்ட் பண்ணுகிறோம். ஆளுக்கு இரண்டு தலையணை டிமாண்ட் பண்ணுகிறோம். காரமில்லாத மீன் டிமாண்ட் பண்ணுகிறோம். நான் அதை வாய்விட்டுப் படித்தது தப்பு. செல்வி கச்சால் தீவில் பிறந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் துரைமார் அதிகாரத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, பிறகு கப்பலேறி இங்கே ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்கள். "டிமாண்ட் பண்றவங்களுக்கு என் கையால சோறு கெடையாது. தொரைமாரு காலம் எங்கப்பாவோட போச்சு" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை ஆணியில் மாட்டினாள்.

வந்தவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுசிமெண்டில் தவளை மாதிரி துள்ளிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அவர்களுக்கு ஓட்டல் பார்சல் வாங்கிப்போட்டு, செல்விக்கு உடம்பு சரியில்லை என்று புளுகினேன். கடைசியில் அந்த மனிதரிடமே விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. அவர்கள் மொழியில் அந்த வார்த்தைக்குச் சும்மா 'கேட்பது' என்றுதான் அர்த்தமாம், அதையே ஆங்கிலமென்று நம்பி எழுதிவிட்டாராம். நான் வெற்றிச் செய்தியோடு சமையலறைக்கு ஓடினேன். செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அர்த்தம் அவங்க நாட்டுல இருக்கட்டும், அடுப்பு என் வீட்டுல இருக்கு."

மீனுக்கும் மரியாதை உண்டு

செல்வியைச் சமாதானப்படுத்த அந்தப் பிரெஞ்சுக்காரரே மீன் வாங்கித் தருவதாகச் சொன்னார். சரி என்று சாத்தம் ஜெட்டியில் படகு பிடித்து எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஜெட்டிப் பக்கம் வழக்கமாக எனக்கு மீன் கொடுக்கும் தெலுங்கு அம்மா, தமிழையும் இந்தியையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பவர். ஒரு நல்ல வஞ்சிரத்தைத் தூக்கிக் காட்டி, "இதுக்கு இன்னிக்கி பஹுத் டிமாண்ட்" என்றார். பிரெஞ்சுக்காரர் கையிலெடுத்த மீனைப் பயபக்தியோடு திரும்ப வைத்துவிட்டார். இதை வேறு யாரோ கேட்டு வைத்திருக்கிறார்கள், நாம் எடுப்பது நாகரிகமில்லை என்று என் காதில் சொன்னார். அடுத்த மீனுக்கும் டிமாண்ட். அதையும் வைத்தார். அந்த அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணா, இவரு மச்லி வாங்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?"

வாத்தியார் ஓய்வு பெறுவதில்லை

அடுத்து வந்தவர் இத்தாலிக்காரர். பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ரிட்டையர் ஆனவர். பேசுவதற்கு ஆள் கிடைக்காத ஒரு மொழியை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்த ஏக்கத்தையெல்லாம் என்னிடம் தீர்த்துக்கொண்டார். பல் விளக்கும்போதே "எனக்கு ஒரு டிமாண்ட்" என்று ஆரம்பித்துவிடுவார். நான் பயந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்துவேன். ஆனால் அவர் எதுவும் கேட்டு வாங்க மாட்டார். இங்கே ஏன் எல்லாருடைய வீட்டிலும் இத்தனை நீல டிரம்? ஊருக்குப் புதுப் பெயர் வைத்த பிறகும் ஆட்டோக்காரர் ஏன் போர்ட் பிளேர் என்கிறார்? அவர்கள் பாஷையில் டிமாண்ட் என்றால் கேள்வியாம். நல்லவேளை, பரீட்சை வைக்கவில்லை.

செல்வியின் உத்தரவை அவரிடம் சொன்னபோது மனிதருக்குக் கண் பளபளத்துவிட்டது. "எல்லோரும் கெடுத்துவிட்டோம்" என்றார். லத்தீனில் அந்த வார்த்தைக்கு ஒன்றை நம்பி ஒருவரிடம் ஒப்படைப்பது என்று பொருளாம். அதற்குள்ளே 'கையில் கொடுப்பது' ஒளிந்திருக்கிறதாம். பிரெஞ்சுக்காரன் அதைக் கேட்பதாக்கினான், நாங்கள் கேள்வியாக்கினோம், ஆங்கிலேயன் அதிகாரமாக்கினான் என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவர், நாலாவது விரலை மடக்குவதற்குள் ஏர்போர்ட் கார் வந்துவிட்டது. கார் கிளம்பிய பிறகும் தலையை வெளியே நீட்டி, "ஸ்பெயின்காரர்களிடம் ஜாக்கிரதை!" என்று கத்தினார். ஏதோ ஃபுட்பால் பகை என்று நினைத்து நானும் கையாட்டினேன். உள்ளே போய், கேட்டதையெல்லாம் செல்வியிடம் ஒப்பித்தேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஒத்த வார்த்தைய ஒழுங்கா வச்சிக்கத் தெரியல, இவுங்கதான் கப்பல்ல வந்து ஊரையெல்லாம் ஆண்டாங்களா?"

தாராளமாக, மேடம்

அதற்கடுத்து வந்த ஒரு ஸ்பெயின் பெண் எங்களிடம் இரண்டு நாள் தங்கிவிட்டு, பெரிய பையை இங்கேயே வைத்துவிட்டு ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து போன் செய்து, "நாளைக்குக் கப்பல் உண்டா?" என்று கேட்டாள். "உண்டு" என்றேன். இந்தத் தீவில் பிறந்த குழந்தைக்குக்கூட அந்த 'உண்டு'க்குக் கடல் விட்டால் உண்டு என்று பொருள் தெரியும். கப்பல் இல்லை என்று இங்கே யாரும் சொல்வதில்லை. வராதபோது நாமாகவே புரிந்துகொள்ள வேண்டும். மறுநாள் கடல் விடவில்லை. அவள் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தபோது மெயின்லேண்ட் விமானமும் போய்விட்டது, அங்கிருந்து ஊருக்குப் போக வேண்டிய விமானமும் போய்விட்டது.

நனைந்த தலையோடு வாசலில் நின்று, "உங்களை டிமாண்ட் பண்ணுவேன்!" என்று கத்தினாள். நான்தான் ஐரோப்பாவைக் கரைத்துக் குடித்தவனாயிற்றே. இது கேட்பதாக இருக்கும், இல்லையென்றால் கேள்வியாக இருக்கும். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "தாராளமாப் பண்ணுங்க மேடம், எப்ப வேணா பண்ணுங்க, அதுக்குத்தானே நாங்க இருக்கோம்" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் வாத்தியாரின் நாலாவது விரல் ஞாபகம் வந்தது. ஸ்பெயினில் அந்த வார்த்தைக்குக் கோர்ட்டில் வழக்குப் போடுவது என்று அர்த்தமாம், அவளே சொன்னாள். லைசென்ஸ், வீடு, மீன் குழம்பு எல்லாம் கண்முன்னால் ஒரு முறை வந்துபோயின.

"நீங்கள் சிரித்ததையும் வக்கீலிடம் சொல்வேன்."

தட்டு

சொல்லிவிட்டுப் பையின் மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷனாம். அம்மா ஆபரேஷன் அறைக்குள் போவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லியிருந்தாளாம். எனக்குச் சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. சமையலறைக்குள் அந்த வார்த்தை நன்றாகவே கேட்டிருக்கும். இன்றைக்குக் கரண்டி ஆணிக்குப் போனால் அப்புறம் இறங்காது, கடையை மூட வேண்டியதுதான் என்று நினைத்தேன். செல்வி வெளியே வந்தாள். கையில் தட்டு, சுடுசோறு, ரசம், பொரித்த மீன். நான் நம்ப முடியாமல், "அது டிமாண்ட் பண்ணிச்சே" என்றேன். "கண்ணு தெரியலையா ஒங்களுக்கு? அது அழுவுது" என்று சொல்லிவிட்டு அவள் மடியில் தட்டை வைத்தாள்.

அந்தப் பெண் யாரையும் பார்க்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையால் பிசைந்து சாப்பிட்டாள். நான் இதற்குள் டிராவல்ஸ்காரரைப் பிடித்து, கெஞ்சி, காலை விமானத்தில் ஒரு இடம் வாங்கிவிட்டேன். அதைச் சொல்ல வந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்க்கொண்டிருந்தாள். எங்கள் சமையலறை வாசலைத் தாண்ட இதுவரை எந்த விருந்தாளிக்கும் தைரியம் வந்ததில்லை. அவள் நேரே போய்க் காலித் தட்டைச் செல்வியின் கையில் கொடுத்துவிட்டு அப்படியே நின்றாள். எந்தப் பாஷையிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. செல்வி அவளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள், பானையைச் சாய்த்து மறுபடியும் சோறு போட்டாள். பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள், அது எனக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டு. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இத்தன பேரு வந்தாங்க, இது ஒண்ணுதாங்க ஒழுங்கா கேட்டுச்சு."

ஐரோப்பா முழுக்க ஆளுக்கொரு பக்கமாக இழுத்துத் தொலைத்த அந்த லத்தீன் அர்த்தம் கடைசியில் குட்வில் எஸ்டேட்டில் என் பங்கு மீனோடு ஒரு எவர்சில்வர் தட்டில் கிடைத்திருக்கிறது, அதற்காகவும் யாராவது என் மேல் வழக்குப் போடாமல் இருந்தால் சரி.