பெருஞ்சீரகம் மணக்கும் துவக்குகள்

பெருஞ்சீரகம் வறுக்கும்போதெல்லாம் எனக்குத் துவக்கு மணக்கும். நேற்றும் மணந்தது. கறித்தூளுக்குச் சட்டியை வைத்து, அது சிவந்து பொரியத் தொடங்கியதும், என் நாலாம் மாடிக் குசினிக்குள் ஒரு காடு புகுந்தது. ஈர ஊசியிலை, பனிப்புகார், எண்ணெய் பூசிய இரும்பு. அந்தத் துவக்கு எண்ணெய்க்கு, என்ன காரணமோ, பெருஞ்சீரக வாசம்.

மாமா, அம்மாவின் தம்பி, அப்போது எங்களோடு இருந்தார். மலைப்பக்கத்துச் சின்னப் பட்டணம். வேட்டைச் சாமான் கடையொன்றில் அவருக்கு வேலை: பெட்டி உடைப்பது, கூட்டுவது, காட்டுக்குள் இருந்த சுடுதிடலில் கடதாசி இலக்குகளைக் குத்திவிட்டு வருவது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் மாமா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். காதுக்கு மூடி, கையில் ஒரு அப்பிள். நான் குழப்படி செய்யமாட்டேன்.

கடை முதலாளியை எல்லோரும் ஷெஃப் என்றுதான் கூப்பிட்டார்கள்; அந்த நாட்டில் முதலாளிக்கு அதுதான் சொல். எந்தக் கம்பனித் துவக்கு பெட்டியால் எடுத்தபடியே நேராகச் சுடும் என்று வேட்டைக்காரர் கேட்டால், அவர் விளம்பரப் புத்தகத்தை நீட்டமாட்டார். புதுத் துவக்கை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, மண்மூட்டையில் சாத்தி, மூன்று வெடி. பிறகு கடதாசியின் மேல் ஒரு ஐந்து மார்க் காசு. மூன்று துளையும் காசுக்குக் கீழே ஒளிந்துவிட்டால் அந்தக் கம்பனிக்குக் கடைக் கண்ணாடியில் இடம். ஒளியாத கடதாசிகள் எனக்கு. பின்பக்கத்தில் முகம் கீறுவேன். துளைகள் கண்ணாகும், வாயாகும். யன்னலில் ஒட்டிவிட்டால், பின்னேர வெயில் அந்தக் கண்களுக்குள்ளால் வந்து சுவரில் ஊரும்.

"பேய்ப்படம் கீறாதையடி" என்பார் அம்மா.

மாமாவோ, வெளிச்சப் பொட்டு தன் சட்டையைத் தொடுமுன் கதிரையைத் தள்ளிப் போடுவார். நான் சிரிப்பேன்.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. மாமாவின் அகதி விண்ணப்ப விசாரணைக்கு ஒரு திங்கட்கிழமை டெர்மின், அதாவது நாள், குறித்துத் தந்திருந்தார்கள். ஷெஃப் கூடவே வந்து, நல்ல மனிதன் என்று சொல்வதாக ஏற்பாடு. மாமா பதில் சொல்லிப் பழக, நான்தான் அதிகாரி. அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதட்டுவேன்.

"ஆயுதம் தொட்டனீங்களோ?"

"ஒருநாளும் இல்லை, அம்மா."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ!"

"இல்லையெண்டால் இல்லைத்தானே, தாயே. விசாவைத் தாங்கோ!"

வயிறு நோகச் சிரிப்போம்.

அந்தத் திங்களுக்கு முந்திய வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை; ஷெஃப் தோளில் கட்டோடு வந்தார். ஏணியால் விழுந்துவிட்டாராம். திடலில் மூன்று கம்பனிகளின் மூன்று புதுத் துவக்குகள் காத்திருந்தன. ஒன்று கொள்ளை விலை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவு.

"நீ சுடு" என்றார் மாமாவிடம்.

"ஐயோ, எனக்குத் தெரியாது ஷெஃப். நான் தொட்டதே இல்லை."

"மூட்டைதானே தாங்குகிறது. நீ விரலை மட்டும் அசை. நான் பக்கத்திலேயே நிற்கிறேன்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். நல்ல குளிர். எங்கள் மூவரின் வாயிலிருந்தும் வெண்புகை. மாமா கன்னத்தைத் துவக்கின் கட்டையில் வைத்தார். அவருடைய புகை நின்றது. என் மூச்சு போய் வந்தது. ஷெஃபின் மூச்சு போய் வந்தது. மாமா இருந்த இடத்தில், மாமாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சுவிடாத ஏதோ ஒன்று இருந்தது.

வெடி. வெடி. வெடி.

ஷெஃப் கடதாசியைப் பார்த்துத் துள்ளினார். மூன்று துளையும் ஒட்டிக்கொண்டு, மூவிலைப் புல்லைப் போல. "விலைக்கேற்ற சாமான்!" என்றார். இரண்டாவது கம்பனி: அதே மூவிலை. ஷெஃப் தலையைச் சொறிந்தார். மூன்றாவது, மலிவுத் துவக்கு: அதே மூவிலை.

ஷெஃப் காசை எடுக்கவில்லை. துவக்குகளைப் பார்க்கவுமில்லை. மாமாவின் வலது கையைப் பார்த்தார். மாமாவும் அதை வேறு யாருடையதோ கை போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஷெஃப் மூன்று கடதாசிகளையும் திடலோரக் குடிலின் அடுப்புக்குள் போட்டார். துளைகள் பெருத்தன, பெருத்து முழுக் கடதாசியையும் தின்றன. கீறக்கூடிய நல்ல கடதாசி போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

திங்கள் காலை ஷெஃப் கழுத்துப்பட்டி கட்டி, காரைக் கழுவிக்கொண்டு வந்து, எங்கள் குசினியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு அழுதார். மாமா முதல்நாளே போய்விட்டிருந்தார். ஷெஃப் கடதாசிகளை எரித்தது இரக்கத்தாலா, கோபத்தாலா என்று மாமாவுக்குப் பிடிபடவில்லை என்பது எனக்கு விளங்க எத்தனையோ வருடம் எடுத்தது.

பாரிசில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போகிறார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஞாயிறு பின்னேரம் ஸ்டேஷனில், ரயில் வந்து நின்றதும், அவரைச் சிரிக்கவைக்க அதிகாரிக் குரலை எடுத்தேன்.

"ஆயுதம் தொட்டனீங்களோ?"

மாமா சிரிக்கவில்லை. குனிந்து என் கன்னத்தைத் தொட்டார். விரலில் பெருஞ்சீரகம் மணந்தது.

"அது நல்ல துவக்கு, குஞ்சு. மூண்டும் நல்ல துவக்கு. ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லு."