நான் வாசிக்காமல் விட்ட வரி

சவரிமுத்துவுக்குச் சேரவேண்டிய கட்டிலில் நான் படுத்திருக்கிறேன். பொய் சொல்லிப் பறித்தேன். பறித்தது கட்டில் ஒதுக்கும் அந்த இயந்திரம் இல்லை, நான்!

முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கின்றன. ஐப்பசி மழையில் அரியலூர் பேருந்து நிலையத்தில் எத்தனை பேர் ஒண்டிக் கிடந்தோம் என்று நீங்கள் எண்ணியதுண்டா? நான் எண்ணினேன். பதினேழு பேர். எண்ணுவதுதான் என் பிழைப்பு. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடைக்கணக்கு எழுதியவன். நான் இருந்த வீட்டை அண்ணன் மகன் விற்றான், தெருவுக்கு வந்தேன். அது போகட்டும்.

சவரிமுத்து ஏலாக்குறிச்சிப் பக்கம். அதே லாரிகளில் கல் ஏற்றியவன். தூசி தின்று நெஞ்சு கெட்டுப்போனவன். விடிய விடிய இருமுவான்... எனக்கு அவனைப் பிடிக்காது. அவனுக்கு எழுத்து தெரியாது. என்னைச் சார் என்பான்.

நகரத்து இரவுக் காப்பகத்தில் ஒரு கட்டில் காலியானது. யாருக்கு என்பதைச் செயற்கை நுண்ணறிவு தீர்மானிக்கும் என்றார்கள். ஒளிவுமறைவே இல்லாததாம்! எதையெல்லாம் பார்த்து முடிவு செய்யும் என்று தூணில் ஒட்டியிருந்தார்கள். வயது, தனிமை, எல்லாவற்றுக்கும் மேலாக நோய்.

"சார், என்ன போட்டிருக்கு?" என்று கேட்டான் சவரிமுத்து.

மற்றவர்கள் எல்லோரும் இளையவர்கள். எங்கள் இருவருக்கும் ஒரே வயது, இருவருக்கும் நாதியில்லை. எனக்கு ரத்தக்கொதிப்பு, அவனுக்கு நெஞ்சு. அவன்தான் முந்துவான் என்று தெரிந்தது.

"சீக்காளிக்குக் கட்டில் கெடையாதாம். நேரா திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திடுவாங்களாம்" என்றேன்.

அவன் மனைவி அங்கே போய்த் திரும்பாதவள். தெரிந்துதான் சொன்னேன்... தெரிந்துதான்!

காப்பகத்துப் பெண் ஒருத்தி கைப்பேசியோடு வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தாள். இருமல், மூச்சிரைப்பு உண்டா என்று அவனிடம் கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். இருமலை அடக்கிக்கொண்டு, கண்ணில் நீர் முட்டச் சிரித்தபடி நின்றான்.

கட்டில் எனக்கு வந்தது.

கிடைக்காதவர்களுக்கும் அந்த இயந்திரம் காரணம் காட்டுமாம். தவறென்றால் மறுத்துச் சொல்லலாமாம், மறுபடி பார்க்குமாம். வாசித்துக் காட்டவா என்று அவள் சவரிமுத்துவைக் கேட்டாள். "இருக்கட்டும்மா, எங்க சார் படிச்சுச் சொல்லுவாரு" என்று கைப்பேசியை வாங்கி என்னிடம் கொடுத்தான். அவள் பக்கத்தில் இருந்தவரிடம் பேசத் திரும்பினாள்.

நான்கு வரிகள். மூன்றை வாசித்தேன். நான்காவது இது: நோய் எதுவும் இல்லை என்று கூறியதால் முன்னுரிமை குறைந்தது, நோய் இருந்தால் தெரிவிக்கவும். இயந்திரம் எதையும் மறைக்கவில்லை. மறைத்தது என் வாய்!

"எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு."

"நீங்க சொன்னா சரிதான் சார். போயி நல்லாப் படுங்க."

அந்த நம்பிக்கைக்காக அவனை இன்னும் வெறுக்கிறேன். ஒருமுறையாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா, மூடன்?

இதோடு முடிந்திருந்தால் பசி, மழை, வயது என்று உங்களிடம் வாதாடியிருப்பேன். முடியவில்லையே...

சென்ற வாரம் என் பக்கத்துக் கட்டில் காலியானது. அதே பெண் என்னிடம் வந்தாள். "தாத்தா, உங்க கூட்டாளிக்கு நெசமாவே ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையா? கேட்டா இல்லைன்னே சாதிக்கிறாரு. பாத்தா அப்படித் தெரியலையே."

இப்போது உண்மையைச் சொன்னால் என் கட்டில் போகாது. என் பொய் மட்டும்தான் வெளியே வரும். அவன் என்னைச் சார் என்று கூப்பிடமாட்டான். அவ்வளவுதான் நட்டம்... அவ்வளவேதான்!

"அவன் நல்லாத்தாம்மா இருக்கான்" என்றேன்.

அந்தக் கட்டிலுக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

இன்று காலை சவரிமுத்து காப்பக வாசலுக்கு வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. இந்த முறையும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டான். அந்த இயந்திரத்துக்கு இரக்கமே கிடையாது, மனிதரைத் தெரியாது என்றேன். மூச்சு வாங்க அதைத் திட்டினான். நானும் சேர்ந்து திட்டினேன்.