அசையாத எஞ்சின்

நல்லூர் மருதாசலத்துக்கு ஆடுகிற எதையும் கண்டால் ஆகாது. அவர் பனியன் கம்பெனி வைத்திருந்தவர். பனியன் துணி பின்னுகிற மெஷின் லேசாக ஆடினாலும் துணியில் கோடு விழும்; கோடு விழுந்த துணியைக் கல்கத்தா வியாபாரி மூஞ்சியில் விட்டெறியாத குறையாகத் திருப்பி அனுப்புவான். அதனால் அவர் தன் மெஷின்களின் காலைச் சிமெண்டில் புதைத்து, போல்ட்டுகளை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி வைத்திருந்தார். அதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஒரே ஒரு அறிவை வைத்துக்கொண்டு உலகத்தையே சரிசெய்யக் கிளம்பியதுதான் வினையாய் முடிந்தது.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. தெரு முருகன் கோயிலில் தலையில் முதல் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் அது அவருடைய பெரியப்பா மகன் வேலுமணிக்கே போய்க்கொண்டிருந்தது. வேலுமணி ராயபுரத்தில் நூல் கடை வைத்திருப்பவர். குடும்பத்தில் மூத்தவர் என்பதைத் தவிர அவரிடம் வேறு என்ன சிறப்பு என்று மருதாசலம் இருபது வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டார், ஒன்றும் அகப்படவில்லை.

அறுபதுகளின் கடைசியில் கோயிலைப் புதுப்பித்துக் கட்டினார்கள். திருமுருகன்பூண்டியில் புதுச் சிலைக்குச் சொல்லியாயிற்று. திருப்பணிக் கமிட்டித் தலைவர் ஆறுமுகசாமி, சிலையைப் பூண்டியிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பவருக்கே கும்பாபிஷேகத்தன்று முதல் பரிவட்டம் என்று அறிவித்தார். அவர் வாயை மூடுவதற்குள் மருதாசலம் எழுந்துவிட்டார்.

"நம்ம கார்லயே கொண்டாந்தர்றனுங்க சாமி."

கார் என்றால் ஒரு பழைய அம்பாசடர். அன்று மாலையே அதன் முன்மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். எஞ்சின் இருந்த இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மெக்கானிக் அலாவுதீனைக் கூப்பிட்டனுப்பினார்.

"மவுண்டிங் ரப்பர் தேஞ்சு போச்சுங்க மொதலாளி. புதுசு போட்டுட்டாச் செரியாப் போயிரும்" என்றான் அலாவுதீன்.

எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உட்காரும் ரப்பர் அது. கடையில் கொடுத்த கம்பெனி ரப்பரை மருதாசலம் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. இட்லியா வாங்க வந்தேன் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோயமுத்தூரில் எவனோ ஒருவன் தன் பட்டறையில் வார்த்து விற்ற மவுண்டிங் ஒன்று அகப்பட்டது. ரப்பர் என்று பெயர்தானே ஒழிய அது குழவிக்கல். அதற்கு அடியில் வைக்க இரும்புத் தகடும் வெட்டிக்கொண்டு வந்தார்.

"கொஞ்சம் அமுங்கோணுமுங்க" என்று அலாவுதீன் சொல்லிப் பார்த்தான். "எஞ்சின் ஆட்டத்தை அந்த ரப்பர்தான் வாங்கிக்கோணும். அது வாங்கலீன்னா நாமதான் வாங்கோணும்."

"மெஷினைப் பத்தி எனக்கே சொல்றயா? நாஞ் சொல்றதைப் போடு."

அலாவுதீன் ஸ்பானரை எடுத்தான். இன்றைக்கு மாட்டுகிற வேலையும் தனக்குத்தான், நாளைக்குக் கழற்றுகிற வேலையும் தனக்குத்தான் என்பது அவனுக்குத் தெரியும்.

மாட்டி முடித்ததும் எஞ்சின் அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை. மற்றதெல்லாம் அசைந்தது. கதவு, கண்ணாடி, ஸ்டியரிங், உட்கார்ந்தவர்களின் தாடை எல்லாம் தடதடத்தன. வண்டி ஓடும்போதாவது பரவாயில்லை. நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டால் பல்லோடு பல் அடித்துக்கொள்ளும். மருதாசலமோ முன்மூடியைத் திறந்து, எஞ்சினை மட்டும் ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தார்.

நம் ஊர்க்காரர்களின் மரியாதை உலகம் அறிந்தது. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். காரில் ஏறி இறங்கிய ஒருவராவது உள்ளதைச் சொன்னார்களா? குரல் துண்டு துண்டாக வர, "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மனைவி கண்ணம்மாள்கூட, "எனக்கு நடந்தாத்தானுங்க ஒடம்புக்கு ஆகுது" என்று ஒதுங்கிக்கொண்டாள்.

பூண்டியில் சிற்பி கைகூப்பிச் சொன்னார்: "படுக்க வெச்சு, சுத்தியும் வைக்கோல் அடைச்சுக் கொண்டு போங்க சாமி. வெரலெல்லாம் மெலிசு."

படுக்க வைத்தால் யார் பார்ப்பது? மருதாசலம் முன்சீட்டில் பலகை போட்டு, அதன்மேல் பட்டு விரித்து, ஒன்றரை அடி முருகனை ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்த்தினார். கண் திறக்காத சிலை என்பதால் முகத்தைத் துணியால் மூடியிருந்தது. ஆசி கூறும் வலது கை மட்டும் வெளியே தெரிந்தது. அது போதும் என்று அவர் மறுபக்கம் உட்கார்ந்து தானே ஓட்டினார்.

நேராக நல்லூர் போயிருக்கலாம். போகவில்லை. ராயபுரத்தில் வேலுமணியின் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஹாரன் அடித்தார். வேலுமணி சாவகாசமாக வந்து, சாமி இருந்த பக்கத்து ஜன்னலருகே நின்று கும்பிட்டார். பிறகு பேசினார், பேசினார், அப்படிப் பேசினார். நூல் விலை, மழை, மகள் ஊட்டு விசேஷம் என்று ஒன்று விடவில்லை. இருபது வருஷத்தில் இவ்வளவு பிரியமாக அவர் பேசியதே இல்லை. அண்ணன் முகம் வெந்து போவதைப் பார்க்க வந்த மருதாசலத்துக்கு அந்தப் பிரியம் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முருகனின் முதுகுதான்.

நல்லூரில் மேளம் முழங்கக் கார்க் கதவைத் திறந்தார்கள். மேளம் நின்றது. சிலை பலகையின் ஓரம்வரை நகர்ந்து கதவு நிலையின் இரும்புச் சட்டத்தில் கையை முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு விரல்கள் கீழே கிடந்தன. மருதாசலம் அவற்றை எடுத்து வைத்துப் பொருத்திப் பார்த்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பின்னமான சிலையைப் பிரதிஷ்டை செய்ய முடியாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். யாரும் மருதாசலத்தைத் திட்டவில்லை. "போகுது உடுங்க" என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

மறுபடி செதுக்கிய சிலை வைக்கோலில் படுத்து, வேலுமணியின் மாட்டு வண்டியில் சௌக்கியமாக வந்து சேர்ந்தது. கும்பாபிஷேகத்தன்று காலையில் ஆறுமுகசாமி மருதாசலத்தின் வீட்டுக்கு வந்தார்.

"வேலுமணியைக் கார்ல கூட்டிட்டு வந்தர்றீங்களா? பரிவட்டத்துக்கு நேரமாச்சுங்க."

முடியாது என்று சொல்ல நம் ஊரில் யாருக்குத் தெரியும்? போனார். அதற்குள் அலாவுதீன் கம்பெனி ரப்பரை மாட்டியிருந்தான். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. முன்சீட்டில் வேலுமணி சந்தனம் மணக்கச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இப்ப ஆட்டமே இல்லீங்க தம்பி" என்றார். "அன்னிக்கு நாம் பேசிட்டு நிக்கறப்பவே பார்த்தனுங்க. சாமி நகந்து நகந்து வந்து, கை இரும்புல டக்கு டக்குன்னு மோதீட்டே இருந்துது. காரைப் பத்திக் கொறை சொன்னா உங்க மனசு சங்கடப்படுமேன்னு உட்டுட்டனுங்க."

மருதாசலம் வண்டியை நிறுத்தினார். கோயில் வாசலில் மேளம் கேட்டது. இறங்கிப் போய் வேலுமணி பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"பரவாயில்லீங்கண்ணா" என்றார்.