சிமெண்டுப் படியில் வரைந்த ஆர்மோனியம்

எங்கள் எஸ்டேட்டில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்களே, அதற்கு முன்னால் நடந்தது இது. போன வாரம் மலேசியாவின் மூவார் ஊர் மண்டபத்தில் பழைய ஆர்மோனியத்தின் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் எல்லாம் திரும்பி வந்தது. காலையில் ரப்பர் மரத்தைக் கீறிப் பால்மரம் வெட்டி, கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, என்னையும் இழுத்துக்கொண்டு அம்மா எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி வீட்டுப் பின்படிக்குப் போவாள், அவர் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க. மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள் அம்மாதான். இங்கே ஆர்மோனியப் பெட்டி கதவுக்கு உள்ளே இருக்கும், அம்மா வெளியே.

"வெளியவே இரு, சவரி. பால் நாத்தம் பொட்டியில ஒட்டிக்கும்" என்பார் கிராணியின் மனைவி.

"சரிங்கம்மா."

அம்மா படியில் கரியால் கட்டைகளை வரைந்து, அதன்மேல் விரலை ஓட்டிப் பாடுவாள். உள்ளேயிருந்து அந்த விரலைப் பார்த்து அந்தப் பெண் வாசிப்பாள். கிளம்பும்போது கரியை அம்மாவே கழுவவேண்டும்.

அந்தப் பெண்ணுக்குத்தான் போன வாரம் அந்த மண்டபத்தில் ஆர்மோனியம் வாசித்ததற்குப் பொன்னாடை போட்டார்கள்.

"எனக்கு குருன்னு யாருமில்ல லா, நானே கத்துக்கிட்டேன்" என்றாள் மைக்கில். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு எழுத வராது, சொல்லத்தான் வரும். கேட்ட நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள்: அவளுக்கு ஒரு குரு இருந்தாள், பேர் சவரியம்மாள்.