கும்பிட்டு அளந்த ரத்த அழுத்தம்

லுயெனைப் பதினெட்டு வருடமாகத் தெரியும். வியட்நாமின் ஹைஃபோங் ஷூ ஆலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவிவந்தவள். நான் அங்கே சங்கம் கட்டியபோது முதல் கையெழுத்து அவளுடையது. கணவன் இல்லை. ஒரே மகள் மியென், ஜப்பானில் மீன் பதனிடும் ஆலையில் மூன்று வருட ஒப்பந்தம். அவள் திரும்பும்வரை படுத்துவிடக் கூடாது என்பதுதான் லுயெனின் ஒரே கவலை. ரத்த அழுத்தம் நூற்று எழுபது.

மகள் ஒரு தோழியின் பையில் அதை அளக்கும் கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினாள். மணிக்கட்டில் கட்டுவது. கடையில் விற்பதில் வியட்நாமிய எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைப் பார்த்தாலே எங்கள் சந்தில் போலி என்பார்கள். இதில் ஓர் எழுத்தும் புரியவில்லை. அதனாலேயே அசல் என்று எல்லோரும் தொட்டுப் பார்த்தோம்.

உபயோகிக்கத் தெரியுமா என்று மகள் போனில் கேட்டதற்கு, கூட வந்த காகிதத்தில் படம் போட்டிருக்கிறது என்றாள் லுயென். படத்தில் ஒருவன் கையை மடித்து நெஞ்சருகே வைத்திருந்தான். லுயெனுக்கு அது கும்பிடுவதாகப் பட்டது. காலையில் முன்னோருக்கு ஊதுவத்தி ஏற்றி, பொத்தானை அழுத்தி, இரண்டு கையையும் நெற்றிக்குத் தூக்கி நிற்பாள். நூற்று முப்பத்தெட்டு. மாத்திரையை நிறுத்தினாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் குவே அளந்தால் பழையபடி நூற்று எழுபது.

"அக்கா, மாத்திரைய விடாதீங்க. மணிக்கட்டுல கட்டறது சில நேரம் தப்பாக் காட்டும்."

"தப்பாக் காட்டறது உன் மெஷின்டீ. அது அரசாங்கம் டெண்டர் விட்டு வாங்கினது. இது ஜப்பான்காரன் தனக்குன்னு செஞ்சது."

பக்கத்தில் இருந்த நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

மகள் வர இரண்டு மாதம் இருக்கையில், லுயென் வேலை நேரத்தில் ஆலை வரிசையிலேயே சரிந்தாள். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறிற்று.

ஓடிவந்த மியென், அம்மா எப்படி அளப்பாள் என்று கேட்டாள். செய்து காட்டினேன். அவள் காகிதத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தாள். மணிக்கட்டு இதயத்தின் உயரத்தில் இருக்கணுமாம். மேலே தூக்கினால் குறைத்துக் காட்டுமாம்.

"போன்ல இத வாசிச்சுச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும், மாமா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மியென் திரும்பிப் போகவில்லை. அம்மா நின்ற இடத்தில் நின்று பசை தடவுகிறாள். பார்க்க வருகிறவர்களிடம் லுயென் குழறிக் குழறிச் சொல்வது ஒன்றுதான்: "ஜப்பான் மெஷின் இருந்துச்சு, உசுரு தப்பிச்சேன்." அவர்களும் தங்களுக்கு ஒன்று வரவழைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். மியென் வாசல்வரை கூடப் போய், அம்மா காதில் விழாமல், கையை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டி அனுப்புகிறாள்.