எதிர்வீட்டுக்காரர் தள்ளிய கார்

டென்மார்க்கின் விபோர்க் நகரில் நாங்கள் இருந்த தெருவில் வயதில் மூத்த கார் எங்களுடையதுதான். வாங்கும்போதே அதற்கு என்னைவிட வயது கூட. குளிர்காலத்தில் சாவியைத் திருப்பினால் எழும்பிவிடும், சூடேறத்தான் நேரம் எடுக்கும்.

"எஞ்சினும் மனுசரைப் போலத்தான். எழும்பின உடனை ஓடச் சொல்லக் கூடாது. தேத்தண்ணி குடிக்கிற நேரமாவது குடுக்கோணும்" என்பார் அப்பா. அதனால் விடியவே காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, வீட்டுக்குள் வந்து ஆறுதலாகத் தேநீர் குடிப்பார். கார் வாசலில் நின்று புகைவிட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் எதிர்வீட்டு டேனிஷ் முதியவர் கதவைத் தட்டினார். நின்ற இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓடவிடக் கூடாது, சட்டம் இருக்கிறது, புகை தன் படுக்கையறைக்குள் வருகிறது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எட்டு வயதில் அதை அப்பாவுக்கு மொழிபெயர்த்தவள் நான். அப்பாவின் முகம் செத்துப்போனது.

"மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு பிள்ளை. இனி நடக்காது எண்டு சொல்லு."

வேறு யாராவது என்றால் ஸ்டார்ட் செய்த கையோடு ஓட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அப்பாவால் குளிர்ந்த எஞ்சினையும் வருத்த முடியாது, அயலவர் மனதையும் நோகடிக்க முடியாது. மறுநாளிலிருந்து எஞ்சினைத் தொடாமல் காரைத் தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார். அங்கே வீடுகள் இல்லை, வேண்டியமட்டும் சூடாக்கலாம். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பக்கத்திலிருந்து தள்ள, வேலைக்கு உடுத்த அம்மா பின்னாலிருந்து தள்ளுவார். நான் உள்ளே இருப்பேன். என் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிளில் கடந்து போகும்போது வெட்கத்தில் சீட்டுக்குக் கீழே சுருண்டுகொள்வேன். நான் குனிந்துவிட்டால் அது எங்கள் கார் இல்லை என்று ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

சில நாட்கள் கழித்து, அந்த முதியவர் கார் பழுது என்று நினைத்து ஓடிவந்தார். பைஜாமாவுக்கு மேலே கோட் போட்டிருந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மூச்சு வாங்க வாங்கத் தள்ளினார். உண்மையைச் சொன்னால் அவரைக் குறை சொன்னதாகிவிடும் என்று அப்பா வாய் திறக்கவில்லை. தெருமுனையில் சாவியைத் திருப்ப, எஞ்சின் உடனே பிடித்தது. முதியவர் தன்னால்தான் பிடித்தது என்று இரண்டு கைகளையும் தூக்கி ஆரவாரம் செய்தார்.

அதன்பிறகு தினமும் வந்தார். போகப்போக, சவரம் செய்த முகமும் கையுறையுமாக எங்களுக்கு முன்பே தன் வாசலில் நிற்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் எனக்குத் 'தள்ளுகார்க்காரி' என்று பெயர் விழுந்தது.

பனி கொட்டிய ஒரு காலையில் நான் அழுதுகொண்டு டேனிஷில் கத்தினேன்: "இன்றைக்கு மட்டுமாவது மற்றவர்களைப் போலப் போவோம்!"

"ஓம், ஓம், அழாதை" என்று அப்பா வாசலிலேயே சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்தது. எதிரே நின்றவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மெல்லக் கையுறைகளைக் கழற்றத் தொடங்கினார்.

அப்பா எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கி, தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில், "நின்றுபோய்விட்டது" என்றார்.

முதியவர் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். நான் மறுபடி சீட்டுக்குக் கீழே போனேன். ஒரு கிழவருக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று அப்பாவை நினைக்க எனக்கு அவமானமாக இருந்தது. அந்தக் குளிர்காலம் தொடங்கிய கார்த்திகையில்தான் முதியவருடைய மனைவியை அடக்கம் செய்திருந்தார்கள். அம்மாவோடு போய்ப் பூங்கொத்து கொடுத்தவள் நான். ஆனாலும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.